‘முன்’ படத்தில் நிற்பவள் நான்

(விளம்பரங்கள் காட்டும் அழகு நம் பெண்களுக்குத் தருவது தன்னம்பிக்கையா, தாழ்வு மனப்பான்மையா? என்ற பட்டிமன்றத்தில், ‘தாழ்வு மனப்பான்மையே’ என்ற அணியில் பேசியது)

     

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். “அழகாக இருக்க ஆசைப்படுவது ஒரு குற்றமா?” என்று கேட்டார். நல்ல கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். அம்மா, அது குற்றமே இல்லை. நானும் இன்று காலையில் ஒரு முழம் மல்லிகைப் பூவுக்காகப் பூக்காரம்மாவோடு கால் மணி நேரம் பேரம் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பொட்டு வைப்பது, பூ வைப்பது, கண்ணுக்கு மை தீட்டுவது இதெல்லாம் எங்கள் அணிக்கு எதிரி இல்லை. எங்கள் வழக்கு வேறே. இல்லாத ஒரு முகத்தைச் செய்து காட்டி, “உன் முகம் ஏன் இப்படி இல்லை?” என்று கேட்கிறானே, அவனோடுதான் எங்களுக்கு வழக்கு.

இல்லாத முகம் என்று சொன்னதும் எதிரணித் தலைவர் சிரிக்கிறார். “அந்த அம்மா உயிரோடுதானே இருக்கிறார், மும்பையிலே வீடே இருக்கிறதே” என்கிறார். ஐயா, அவர் இருக்கிறார். அந்த முகம் இல்லை. எப்படி என்று என் வீட்டுக் கூடத்திலே வைத்தே காட்டுகிறேன்.

எனக்கு ஒரு மகள். ஓவியம் படிக்கிறாள். ஓவியம் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டிலே ஒரு பொருளும் அதனதன் இடத்தில் இருக்காது. தோசைக்கரண்டியைத் தேடினால் அதில் பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். கூடத்திலே கால் வைக்க இடமில்லை. பழைய பேப்பர் கடையிலே எடைக்கு வாங்கி வந்த வார இதழ்கள், முப்பது வருஷத்து இதழ்கள், விரித்துப் போட்டபடி கிடக்கின்றன. நடுவிலே மகள், கையிலே கத்தரிக்கோல். அதுவும் நான் கறிவேப்பிலை நறுக்க வைத்திருந்த கத்தரிக்கோல். (சிரிப்பு)

“என்ன பண்ற?” என்றேன்.

“அழகி செய்றேம்மா” என்றாள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். கண்மை விளம்பரத்திலிருந்து இரண்டு கண். பற்பசை விளம்பரத்திலிருந்து பல்வரிசை. உதட்டுச்சாயத்திலிருந்து உதடு, ஷாம்பு விளம்பரத்திலிருந்து முழங்கால் வரை முடி. கழுத்துக்கு நகைக்கடை, கன்னத்துக்கு முகப்பூச்சு, குதிகாலுக்கு வெடிப்பு களிம்பு. எல்லாவற்றையும் ஒரு பெரிய அட்டையிலே வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருக்கிறாள். இதற்கு ஒட்டுப்படம் என்று பெயராம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அப்படி ஒரு அழகு. சேர்த்துப் பார்த்தால், நடுவர் அவர்களே, நான் பொய் சொல்லவில்லை, ராத்திரி தனியாகப் பார்த்தால் காய்ச்சல் வரும்! (சிரிப்பு) வாயை விடக் கண் பெரிசு. பல் அளவுக்குக் காது. ஒரு கன்னத்திலே வெளிச்சம் இடது பக்கமிருந்து விழுகிறது, மறு கன்னத்திலே வலது பக்கமிருந்து.

ஆனால் அதிலே ஒன்று மட்டும் பொருந்தியது. பத்து கம்பெனி, பத்துப் பெண், பத்து வருஷம். தோலின் நிறம் மட்டும் வெட்டின இடம் தெரியாமல் ஒட்டிக்கொண்டது. “பாத்தியாம்மா, கலர் மேட்ச் பண்ண நான் கஷ்டப்படவே இல்ல. அவங்களே பண்ணி வெச்சுட்டாங்க” என்றாள். நான் முப்பது வருஷமாக அதே இதழ்களைப் படித்தவள். அதை ஒரு நாளும் நான் கவனிக்கவில்லை.

சரி, இப்படித் துண்டு துண்டாக அழகை எடுத்து ஒரு பெண்ணைச் செய்கிற வேலை இன்றைக்கு வந்ததா? மகாபாரதத்திலே ஆதிபருவத்தைப் பாருங்கள். சுந்தன், உபசுந்தன் என்று இரண்டு அசுரர்கள், அண்ணன் தம்பி. ஒருவரை ஒருவர் கொன்றால் ஒழிய வேறு யாராலும் சாவு இல்லை என்று வரம் வாங்கியவர்கள். பிரமன் விசுவகர்மாவைக் கூப்பிட்டு ஒரு பெண்ணைச் செய்யச் சொல்கிறான். உலகத்திலே அழகான பொருள் எது எதுவோ அதிலிருந்தெல்லாம் எள்ளளவு எள்ளளவாக எடுத்துச் செய்கிறான் விசுவகர்மா. திலம் என்றால் எள். அதனால் அவள் திலோத்தமை. உலகத்தின் முதல் ஒட்டுப்படம்! அவளைப் பார்த்ததும் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டு செத்தார்கள். கவனியுங்கள், அவளைச் செய்ததே இரண்டு பேரை ஒழிப்பதற்காக. புராணக்காரன் அதை மறைக்கவில்லை. எதற்குச் செய்தான், எப்படிச் செய்தான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கதையை நடத்துகிறான்.

நம்முடைய புலவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று அடி முதல் முடி வரை, முடி முதல் அடி வரை பாடி வைத்தார்கள். நெற்றி பிறை, புருவம் வில், கண் மீன், பல் முல்லை, கழுத்து சங்கு, தோள் மூங்கில், இடை மின்னல். என் மாணவன் ஒருவன் இதையெல்லாம் அப்படியே கரும்பலகையிலே படமாகப் போட்டுக் காட்டினான். இரண்டு மீனும் ஒரு சங்கும் மூங்கில் கட்டுமாக, மீன் கடையும் மரக்கடையும் ஒன்றாகத் திறந்த மாதிரி இருந்தது! (சிரிப்பு, கைதட்டல்) ஆனால் புலவன் ‘போல’ என்கிறான். அது உவமை என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். முல்லை மாதிரி பல் இல்லையே என்று எந்தப் பெண்ணும் பல் வைத்தியரிடம் போகவில்லை. விளம்பரக்காரன் ‘போல’ என்ற சொல்லை எடுத்துவிட்டான். “இதோ இருக்கிறாள் பார், நாலே வாரத்தில் நீயும்” என்கிறான்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், தமிழ் வாத்தியார் இதைச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. சங்கப் பாட்டுகளிலே தலைவியின் நிறத்துக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம். அந்த நிறத்தைத்தான் அழகு என்று கொண்டாடினார்கள். அவன் பிரிந்து போனதும் அவள் மேனியிலே ஒரு வெளுப்புப் படரும். அதற்குப் பசலை என்று பெயர். மாமையைப் பசலை தின்றுவிட்டதே என்று தோழி அழுவாள், தாய் கவலைப்படுவாள். அன்றைக்கு வெளுப்பு என்பது நோய்க்கு அடையாளம். அந்தப் பசலையைத்தான் இன்றைக்கு ட்யூபிலே அடைத்து விற்கிறார்கள்! (பலத்த கைதட்டல்)

கைதட்டலை நான் முழுசாக வாங்கிக்கொள்ள முடியாது, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மகள் செய்கிற வேலைக்கு ஒரு பாட்டி உண்டு. அவர் இருந்த ஊர் பெர்லின். பெயர் ஹன்னா ஹோக். 1889-இல் பிறந்தவர். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916-இலிருந்து பத்து வருஷம், உல்ஸ்டைன் என்ற பெரிய பத்திரிகை நிறுவனத்திலே வேலை பார்த்தார். என்ன வேலை தெரியுமா? பெண்கள் இதழ்களுக்குப் பூத்தையல் மாதிரி, லேஸ் மாதிரி வரைந்து கொடுக்கிற வேலை. பெண்கள் எப்படி உடுத்த வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று அச்சடித்துத் தள்ளுகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தவர். பகலிலே அந்த வேலை. வீட்டுக்கு வந்தால் அதே மாதிரி இதழ்களைக் கத்தரியால் வெட்டி, அவற்றையே கேலி செய்கிற படங்களை ஒட்டினார்.

1920-ஐ ஒட்டி அவர் செய்த ஒரு படத்தின் பெயர் ‘அழகான பெண்’. என் மகள் புத்தகத்திலே காட்டினாள். நான் பெண்ணைத் தேடு தேடு என்று தேடினேன். நீச்சல் உடையிலே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், தலை இருக்க வேண்டிய இடத்திலே ஒரு மின்சார பல்பு! கையிலே குடை. சுற்றிலும் பி.எம்.டபிள்யூ. முத்திரை, ஒன்று இரண்டு இல்லை, நிறைய. ஒரு டயர். ஒரு கை, அதிலே கடிகாரம். மேலே கொழுக்மொழுக்கென்று ஒரு கொண்டை, அதற்குக் கீழே முகம் இல்லை.  தலைக்குப் பதில் பல்பு ஏன் என்று மகளைக் கேட்டேன். “விளம்பரத்துல பொண்ணுக்கு அதுதானம்மா வேலை. சாமான் மேல வெளிச்சம் அடிக்கணும்” என்றாள். நூறு வருஷத்துக்கு முந்தைய படம். நேற்றுத் திருவிழாக் கூட்டத்திலே பார்த்த கார் விளம்பரப் பலகை மாதிரியே இருந்தது எனக்கு.

அவர் சேர்ந்திருந்த கலைக்கூட்டத்துக்குப் பெயர் டாடா. லாரி கம்பெனி இல்லை! (சிரிப்பு) போரை நடத்திய நாகரிகத்தையே கிண்டல் செய்தவர்கள். பெரும்பாலும் ஆண்பிள்ளைகள், புரட்சிக்காரர்கள். 1920-இல் பெர்லினிலே அவர்கள் ஒரு பெரிய கண்காட்சி வைத்தபோது, இந்த அம்மாவின் படத்தை வைப்பதற்கு அவர்களிலேயே சிலர் மறுப்புச் சொன்னார்கள். கூட இருந்த ஒருவர் ‘அப்படியானால் நானும் விலகுகிறேன்’ என்று சொன்ன பிறகுதான் இடம் கிடைத்தது. அவர் வைத்த படத்தின் பெயர் ரொம்ப நீளம். தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன்: ‘சமையலறைக் கத்தியால் ஒரு வெட்டு’. அடுப்படிக் கத்தியை எடுத்து ஒரு யுகத்தின் தொப்பையையே வெட்டுவதாகப் பெயர் வைத்தார்.

பிற்காலத்திலே அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஹன்ஸ் ரிக்டர் என்பவர் டாடாவின் வரலாற்றை எழுதினார். இந்த அம்மாவைப் பற்றி என்ன நினைவு வைத்திருந்தார்? காசில்லாத காலத்திலும் எப்படியோ சமாளித்து ரொட்டியும் பீரும் காப்பியும் கொண்டு வந்து கொடுப்பார் என்று எழுதினார். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். அங்கே பெண்கள் சிரிக்கவில்லை பாருங்கள். ஜெர்மனியோ ஜெயங்கொண்டமோ, நாம் என்னதான் செய்தாலும் கடைசியிலே நினைவு நிற்பது காப்பிதான். (கைதட்டல்) நாஜிகள் வந்து, இப்படிப்பட்ட கலையெல்லாம் சீரழிந்த கலை என்று 1937-இல் ம்யூனிக்கிலே வைத்துக் கேவலப்படுத்தினார்கள். இந்த அம்மா பெர்லின் ஓரத்திலே ஒரு சின்ன வீட்டுக்குப் போய், தன் படங்களையும் தன்னை மறந்துபோன அந்த நண்பர்களின் படங்களையும் சேர்த்துப் பாதுகாத்தார். 1978 வரை வாழ்ந்தார். அந்தச் சமையலறைக் கத்திப் படம் பெர்லின் தேசிய ஓவியக்கூடத்தின் சொத்து.

விளம்பரக்காரனும் வெட்டுகிறான், ஒட்டுகிறான். ஹன்னா ஹோக்கும் வெட்டினார், ஒட்டினார். அவன் வெட்டினது தெரியாமல் பார்த்துக்கொள்கிறான். இவர் வெட்டின ஓரம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று ஒட்டினார். கத்தரிக்கோலை ஒளித்து வைப்பதற்கும் மேசை மேலே வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பட்டிமன்றம்.

எதிரணியில் ஒரு தம்பி சொன்னார், கம்பெனிகளே திருந்திவிட்டன என்று. டவ் சோப்புக்காரர்கள் 2006-இல் எடுத்த படத்தைச் சொன்னார். ஏறத்தாழ ஒரு நிமிஷப் படம். சாதாரணமாக ஒரு பெண் வந்து உட்காருகிறாள். முடி அலங்காரம், ஒப்பனை, அப்புறம் கணிப்பொறியிலே கழுத்தை நீட்டுகிறார்கள், கண்ணைப் பெரிசாக்குகிறார்கள், கடைசியிலே விளம்பரப் பலகையிலே வேறு ஒருத்தி நிற்கிறாள். நல்ல படம், 2007-இல் கேன் விளம்பர விழாவிலே முதல் பரிசும் வாங்கியது. நானே வகுப்பிலே போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் தம்பி, அந்த டவ்வின் தாய்க் கம்பெனி எது? யூனிலீவர். 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லியை இந்தியச் சந்தைக்குக் கொண்டு வந்த குடும்பமும் அதே குடும்பம்தான். மேலைநாட்டிலே “நீ இருக்கிறபடியே அழகு” என்றும், இங்கே “கொஞ்சம் வெளுத்துக்கொண்டு வா” என்றும் ஒரே வீட்டிலிருந்து இரண்டு குரல். 2020-இல் அந்தப் பெயரிலே ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. பெயர் மாறினதை நான் குறை சொல்லவில்லை. 45 வருஷம் ஆயிற்றே என்றுதான் சொல்கிறேன்.

சட்டம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். இங்கே விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014-இல், கறுப்பாக இருப்பவரைத் தாழ்ந்தவராக, வருத்தமானவராகக் காட்டக்கூடாது என்று விதி வைத்தது. பிரான்ஸ் 2017-இல், விளம்பரப் பெண்ணின் உடம்பை ஒல்லியாக்கியோ பருமனாக்கியோ திருத்தினால், திருத்திய படம் என்று அதிலேயே எழுது என்றது. நார்வேயிலும் அப்படி ஒரு சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் என் வீட்டுக்கு அந்தச் சட்டம் கொஞ்சம் தாமதமாக வந்தது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மகளுடைய படம் பாதி முடிந்திருந்தது. நடுவிலே அந்தப் பெரிய பயங்கர அழகி. அவளுக்குக் கீழே ‘பின்’ என்று எழுதியிருந்தாள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்து முகப்பூச்சு விளம்பரங்களிலே ‘உபயோகிக்கும் முன்’, ‘உபயோகித்த பின்’ என்று இரண்டு முகம் இருக்கும். ‘முன்’ பெண் கறுப்பு, சிரிக்க மாட்டாள். ‘பின்’ பெண் வெளுப்பு, வேலை கிடைத்திருக்கும், கல்யாணமும் நிச்சயமாகியிருக்கும். மகள் அத்தனை இதழ்களிலிருந்தும் அந்த ‘முன்’ முகங்களை மட்டும் கத்தரித்து எடுத்து, அழகியைச் சுற்றி நான்கு ஓரத்திலும் வரிசையாக ஒட்டியிருந்தாள். ஒன்று கூடச் சிரிக்கவில்லை. வரிசையிலே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“அங்க யாரு?” என்றேன்.

“நீதாம்மா” என்றாள். “உன் கலர் இந்த வரிசைலதானே இருக்கு?”

சொல்லிவிட்டு ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். நான் கல்லூரியிலே பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியபோது எடுத்த குரூப் போட்டோ. கூடவே இன்னொரு படம். அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. “இது எங்க கிடைச்சது?” என்றேன். “ஆச்சி பெட்டில, உன் ஜாதகத்தோட இருந்துச்சு. ரெண்டும் ஒரே வருஷம்னு பின்னால எழுதியிருக்கு. ரெண்டு பேரும் வேற வேற ஆளா இருக்கீங்க” என்றாள்.

1991. எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வருஷம். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரிலே ஒரே ஒரு ஸ்டுடியோ. கலர் படம் என்றால் பிலிமை வெளியூருக்கு அனுப்பி, பிரிண்ட் வர ஒரு வாரம் ஆகும். மாப்பிள்ளை வீட்டுக்கு அவசரம். அதனால் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார் போட்டோக்கார அண்ணாச்சி. பின்னாலே ஒரு ஏரியும் அன்னமும் வரைந்த திரை. மறுநாள் படத்தை வாங்கப் போனேன். அண்ணாச்சி ஒரு சாய்வுப் பலகையிலே குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பலகையிலே கண்ணாடி, அதற்குப் பின்னால் வெளிச்சம், கண்ணாடி மேலே என் நெகட்டிவ். ஊசி மாதிரி சீவின பென்சிலை வைத்து என் கன்னத்திலே புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே இருக்கிறார். நெகட்டிவிலே கறுப்பு ஏற ஏற, அச்சிலே அந்த இடம் வெளுக்கும். பென்சிலால் கறுப்பைப் பூசிப் பூசியே என்னை வெள்ளையாக்கினார் மனிதர்! அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. படம் வந்தது. அன்னத்தை விட நான் வெளுப்பு. (சிரிப்பு)

படத்தைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. நான் காப்பித் தட்டோடு வந்து நின்றேன். மாப்பிள்ளையின் பாட்டி ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலே சொருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். எழுந்து வந்து என் கன்னத்துக்குப் பக்கத்திலே படத்தைப் பிடித்தார். படத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். துணிக்கடையிலே ரவிக்கைத் துணிக்கு நிறம் பார்க்கிற மாதிரி. பிறகு எங்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, கோபமே இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார்: “இது மூத்தவளா?”

எனக்கு அக்கா கிடையாது.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான்கு நாள் கழித்து ஜாதகம் சரியில்லை என்று கடிதம் வந்தது. ஜாதகம் பொருந்தின பிறகுதான் அவர்கள் வந்ததே.

அது நல்லதுக்குத்தான் போயிற்று. பிறகு எனக்கு வாய்த்தவர் போட்டோவே பார்க்காதவர். மேடையிலே நான் பேசினபோது முன்வரிசையிலே இருந்தவர். நான் பேசுவதைக் கேட்டுத்தான் பிடித்தது என்றார். அந்தத் தவற்றுக்கு முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் மகள் அந்த இரண்டு படத்தையும் ஒட்டப் போகிறேன் என்றதும் எனக்கு வந்ததே கோபம்! “ஒட்டக்கூடாது” என்றேன். “கண்காட்சிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள். என் மானம் போகும்” என்றேன். அழகு விளம்பரங்களுக்கு எதிராக நூறு மேடையிலே பேசினவள் சொன்ன வார்த்தை அது. மாமைக்கும் பசலைக்கும் கைதட்டினீர்களே, அந்தக் கைதட்டலை முழுசாக வாங்க முடியாது என்று சொன்னது இதற்குத்தான். மகள் ஒன்றும் சொல்லவில்லை. கத்தரிக்கோலை மடக்கி வைத்துவிட்டாள்.

எங்கள் அம்மா அப்போது எங்களோடு இருந்தார். எண்பது வயது. ஊஞ்சலிலே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்:

“அண்ணாச்சியைத் திட்டாத ளா. அவரு சும்மாத்தான் எடுத்தாரு. பிள்ள முகம் கொஞ்சம் வெளுப்பாத் தெரியட்டும்னு நான்தான் போயி சொன்னேன். பத்து ரூவா கூடக் குடுத்தேன்.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். முப்பது வருஷமாக அந்தப் பென்சிலை அண்ணாச்சியின் கையிலே மட்டும் பார்த்தவள் நான். “ஏம்மா?” என்றேன்.

“ஒங்க அப்பாவப் பெத்தவ, கறுப்பி கறுப்பின்னு என்னைய இருபது வருசம் சொன்னா. அந்தப் பேச்ச நீயும் கேக்கணுமான்னு நெனச்சேன்” என்றார்.

நடுவர் அவர்களே, இந்த இடத்திலே எதிரணிக்கு ஒரு வசதி இருக்கிறது, நானே எடுத்துக் கொடுக்கிறேன். “பார்த்தீர்களா, உங்கள் பாட்டி காலத்திலே விளம்பரம் ஏது? இந்த நிறப் பைத்தியம் நம் வீட்டிலேயே இருந்ததுதானே? பாவம், விளம்பரக்காரனை ஏன் அடிக்கிறீர்கள்?” என்று அவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆமாம், பாட்டி விளம்பரம் பார்த்ததில்லை. விதை நம் வீட்டு விதைதான். ஆனால் பாட்டியின் பேச்சு அந்தத் திண்ணையோடு போயிற்று. அது கேட்டது ஒரு மருமகளுக்கு. விளம்பரம் அதே பேச்சை எடுத்து, பாட்டு போட்டு, கலர் போட்டு, நாட்டிலே இருக்கிற ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் நாளைக்கு எட்டு தடவை சொல்கிறது. அதுவும் மாமியார் குரலிலே சொன்னால் எதிர்த்துப் பேசலாம். தோழி குரலிலே சொல்கிறதே, எப்படிப் பேசுவது? எங்கள் அம்மாவைச் சொன்னது அவருடைய மாமியார். எனக்கு என் அம்மாவே பயந்து பத்து ரூபாய் கொடுத்தார். இன்றைக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் படத்தைத் தானே செல்போனிலே வெளுக்க வைத்து அனுப்புகிறது. அண்ணாச்சியும் வேண்டாம், பத்து ரூபாயும் வேண்டாம். அவமானப்படுத்த ஆள் தேவையில்லாமல் போனதுதான் முப்பது வருஷ முன்னேற்றம். இதற்குப் பெயர் தன்னம்பிக்கையா?

அன்று ராத்திரி அந்த இரண்டு படத்தையும் நானே எடுத்து மகளிடம் கொடுத்தேன். வெளுத்த படத்திலிருந்து ஒரு கன்னத்தை மட்டும் நகலெடுத்து அந்தப் பெரிய அழகியின் முகத்திலே வைத்தாள், நிறம் அப்படியே பொருந்தியது. கோப்பை வாங்கின படத்திலிருந்து என் முகத்தை எடுத்து ‘முன்’ வரிசையிலே அந்தக் காலிக் கட்டத்திலே ஒட்டினாள். அந்த வரிசையிலே பல் தெரியச் சிரிக்கிறவள் நான் ஒருத்திதான். கண்காட்சியிலே சொந்தக்காரர்கள் வந்தார்கள். மானம் போகவில்லை. ஒரு சித்தி மட்டும், “இந்தப் பொம்பள யாரு, இவ்ளோ பயங்கரமா இருக்கா?” என்று அழகியைக் காட்டிக் கேட்டார். “அதுல ஒரு கன்னம் நான்தான் சித்தி” என்றேன். (சிரிப்பு) எங்கள் அம்மா அந்தப் படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது, “எனக்கு ஒரு போட்டோவே எடுக்கலையே ளா, எடுத்திருந்தா என்னையும் ஒட்டியிருப்பா” என்றார்.

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் ஒரு நிமிஷம் கொடுங்கள், ஒரு உண்மையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

இந்த மேடைக்கு வருவதற்கு முன்னால் எங்களையெல்லாம் ஒப்பனை அறையிலே உட்கார வைத்தார்கள். ஒரு சின்னப் பெண், நல்ல பெண். “மேடம், லைட்டுக்கு முகம் கொஞ்சம் டல்லாத் தெரியும். ரெண்டு ஷேடு ஏத்தட்டுமா?” என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? என் கையிலே பேச்சுக் குறிப்பு இருக்கிறது, அதிலே முதல் வரியே ‘இல்லாத முகம்’. நான் கண்ணாடியைப் பார்த்தேன். “ஏத்தும்மா” என்றேன். (சிரிப்பு) முகத்தையும் கழுத்தையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், முன்வரிசையிலே இருப்பவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

என் மகள் மூன்றாவது வரிசையிலே உட்கார்ந்திருக்கிறாள். நான் மேடை ஏறும்போது என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கழுத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. செல்போனை எடுத்து ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டாள். அது எந்த வரிசையிலே ஒட்டப்படும் என்று வீட்டுக்குப் போனால்தான் தெரியும்.